அது, அவன், அவள், அவர் - சில சொற்களின் கதை

ரயிலில் ஒரு திருநங்கை கைதட்டிக்கொண்டே வந்து, காசு வாங்கிக்கொண்டோ வாங்காமலோ அடுத்த பெட்டிக்குப் போன பிறகு, இருக்கைகளுக்கு நடுவே ஒரு முணுமுணுப்பு எழும். கும்பகோணம் பாசஞ்சராக இருந்தாலும் சென்னை மின்ரயிலாக இருந்தாலும் அதே முணுமுணுப்புதான். "அது போயிடுச்சா?"

அது. இந்த இரண்டு எழுத்துச் சமாசாரத்தில்தான் தமிழ்நாட்டில் பாலினம் பற்றிய சொற்களின் வரலாறே அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் வினைச்சொல் ஆளைக் காட்டிக்கொடுக்காது. தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று வாக்கியத்தை முடிக்கும்போதே எதிரில் இருப்பவரை ஒரு கட்டத்தில் உட்கார வைத்தாக வேண்டும். "வந்தது" என்று முடித்தால் அந்த ஆள் உயர்திணையிலிருந்தே கீழே இறங்கிவிடுகிறார். (தஞ்சை, திருவாரூர் பக்கம் பெண்டாட்டியையும் "அது வயலுக்குப் போயிருக்கு" என்பார்கள், தூங்கும் பிள்ளையையும் "அது தூங்குது" என்பார்கள். அது செல்லம். ரயில் பெட்டியில் கேட்கும் "அது" வேறு ரகம் என்பது சொல்கிறவருக்கும் தெரியும்.)

இந்தச் சிக்கல் இன்றைக்கு வந்ததில்லை. தொல்காப்பியரையே யோசிக்க வைத்திருக்கிறது. சொல்லதிகாரத்தில் உயர்திணை, அஃறிணை என்று பிரித்த கையோடு, ஆண்மை திரிந்து பெண்மை கொண்டவர்களை என்ன சொல்வது என்ற கேள்விக்கு அவர் வருகிறார். அவர் சொல்வது இரண்டு விஷயம். ஒன்று, அவர்களுக்கென்று தனியாக ஒரு விகுதி மொழியில் கிடையாது, ஆனால் அவர்கள் உயர்திணைதான். இன்னொன்று, அப்படிப்பட்ட பெயர்ச்சொல்லை ஆண்பால் வினையோடு சேர்க்கக் கூடாது. அதாவது "பேடி வந்தாள்" சரி, "பேடியர் வந்தார்" சரி, "பேடி வந்தான்" பிழை. ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழும் ஒருவரை "அவன்" என்று அழைப்பது இன்று அநாகரிகம் என்று சொல்லித்தர வேண்டியிருக்கிறது. தொல்காப்பியத்தில் அது இலக்கணப் பிழை.

உடனே "பார்த்தீர்களா, எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது" என்று மார்தட்டத் தேவையில்லை. இலக்கணம் பேச்சு எப்படி இருந்தது என்று சொல்கிறதே தவிர, பேசப்பட்டவர் எப்படி நடத்தப்பட்டார் என்று சொல்வதில்லை. அதற்கு வேறு நூல்களைப் பார்க்க வேண்டும். அங்கே படம் அவ்வளவு அழகாக இல்லை.

காவிரி கடலில் கலக்கும் பூம்புகார்தான் பழைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்கு முனை (1991ல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போய், 2020ல் மயிலாடுதுறை மாவட்டத்துக்கு வந்துவிட்டது). மணிமேகலையில் மலர்வனம் புக்க காதையில், புகார்த் தெருவில் ஒரு பேடி ஆடுகிறது - பாருங்கள், அந்த "ஆடுகிறது" எவ்வளவு சுலபமாக வந்து விழுகிறது! - ஆடுகிறார். சுருண்ட தாடி, பவளம் போன்ற வாய், பெண் அலங்காரம். கூட்டம் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்றின் பெயரே பேடு. காமன் ஆடிய கூத்து அது. ஆக, புகாரில் அவர்களுக்கு இடம் இருந்தது. தெருவில், வேடிக்கைப் பொருளாக. பார்க்கிறவர்கள் நாகரிகமாகப் பார்த்தார்களா, கேலி பேசினார்களா என்று சாத்தனார் சொல்லவில்லை.

திருவள்ளுவர் இன்னும் கறார். இரண்டு குறள்களில் பேடி கையில் வாள் வருகிறது, இரண்டிலும் அந்த வாளுக்குப் பயனில்லை என்பதுதான் கருத்து. பேடி என்றால் கோழை என்று ஆனது இப்படித்தான். மேடைப் பேச்சாளர்கள் இன்றைக்கும் எதிர்க்கட்சிக்காரரைப் பேடி என்று திட்டும்போது, தாங்கள் யாரை அவமதிக்கிறோம் என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

இந்தக் காப்பியங்கள் எல்லாம் நெடுங்காலம் ஏட்டில் கிடந்தவை. அவற்றை அச்சில் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையர் அப்போது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். சிலப்பதிகாரம் 1892ல் வந்தது, மணிமேகலை 1898ல். புகாரில் ஆடிய அந்தப் பேடி, ஏட்டுச்சுவடிக்குள் பல நூற்றாண்டு காத்திருந்து, கும்பகோணத்து வாத்தியார் ஒருவர் வழியாகத்தான் மீண்டும் தெருவுக்கு வந்தார்.

சரி, நன்னூலுக்கு வரலாம். இதுதான் முக்கியமான இடம்.

பவணந்தி முனிவர் நன்னூலை எழுதியது மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில். கும்பகோணம் அருகே திருபுவனம் கோயிலைக் கட்டிய அதே குலோத்துங்கன் (ஆட்சி 1178 முதல் 1218 வரை). அவனுக்குக் கீழ் இருந்த கங்க மரபுச் சிற்றரசன் சீயகங்கன் கேட்டுக்கொண்டதால் நூல் செய்ததாகப் பாயிரம் சொல்கிறது. பேடு பற்றி பவணந்தி ஒரு சூத்திரம் வைத்தார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பினால் ஆண்பால். ஆண்மையை விட்டு மற்றதை விரும்பினால் பெண்பால். அவர் போட்டிருக்கும் வினையைக் கவனிக்க வேண்டும்: அவாவுதல். அதாவது ஆசைப்படுதல். உடலைப் பார்த்துப் பாலைத் தீர்மானி என்று அவர் சொல்லவில்லை. அந்த ஆள் எதை விரும்புகிறார் என்று பார் என்கிறார். 2014 ஏப்ரல் 15ல் இந்திய உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில், ஒருவரின் பாலின அடையாளத்தைத் தீர்மானிப்பது அவரது சுய உணர்வுதான், அறுவை சிகிச்சையை நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பவணந்திக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையே 800 ஆண்டு.

தொல்காப்பியர் தொடாத இன்னொரு பக்கத்தையும் பவணந்தி தொடுகிறார். தொல்காப்பியரின் இரண்டு சூத்திரங்களும் ஆண்மை திரிந்தவர்களைப் பற்றியவைதான். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவர் நன்னூலில் வருகிறார், அதுவும் முதல் ஆளாக!

ஆனால் சூத்திரம் அங்கே முடியவில்லை. மூன்றாவதாக ஒரு வரி. இவ்விரண்டும் அஃறிணையைப் போலவும் வரும். அவ்வளவுதான், வாசலைத் திறந்துவிட்டார். தொல்காப்பியர் உயர்திணைக்குள் வைத்தவர்களைப் பவணந்தி ஒரு கையால் அணைத்து மறுகையால் வெளியே அனுப்புகிறார். ஊர் வழக்கில் "பேடு வந்தது" என்று இருந்திருக்கும், அவர் பதிவு செய்தார் என்று அவருக்காக வாதாடலாம். ஆனால் நன்னூல் சாதாரண நூலில்லை. தமிழ் படித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த நூல். திருவாவடுதுறை ஆதீனத்தின் சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் அதன் உரையைத் திருத்தி விருத்தியுரை ஆக்கினார். அதே மடத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்தான் உ.வே.சா. காவிரிக் கரைத் திண்ணைகளில் எத்தனை பையன்கள் இந்தச் சூத்திரத்தை உரக்கச் சொல்லியிருப்பார்கள்! அவர்களில் ஓரிருவருக்காவது அது தங்களைப் பற்றியது என்று உள்ளுக்குள் சுருக்கென்றிருக்காதா?

அதற்குப் பிறகு வந்த நூற்றாண்டுகளில் சொற்கள் வசைகளாகவே தேய்ந்தன. அலி என்ற சொல் பழைய நிகண்டுகளில் ஒரு வகைப்பெயர். தெருவில் அது வசை. ஒன்பது என்ற எண்ணையே வசையாக்கி, அதைச் சினிமாக்காரர்கள் நகைச்சுவைக் காட்சி என்ற பெயரில் பட்டிதொட்டி எங்கும் கொண்டுசேர்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் மென்மையாக நடக்கும் பையனுக்கு வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் எண் வந்துவிட்டால் அந்த வருடம் முழுக்க அவனுக்கு நரகம்.

அரசாங்கத்துக்கோ இதெல்லாம் ஒரு தலைவலியாகவே படவில்லை. படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது. அதன் பெயர் "மற்றவர்". நாடு முழுக்க 4,87,803 பேர் அந்தக் கட்டத்தில் வந்தார்கள், தமிழ்நாட்டில் 22,364 பேர். வணிகவியல் படிப்பவர்களுக்கு இது உடனே புரியும். இருப்பாய்வு ஒத்துப்போகாதபோது வித்தியாசத்தைத் தற்காலிகமாகப் போட்டு வைக்க அனாமத்துக் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று கண்டுபிடிக்கும்வரை தொகை அங்கே கிடக்கும். "மற்றவர்" என்பது மனிதர்களுக்கான அனாமத்துக் கணக்கு.

தலைப்பைத் தாங்களே எழுத வேண்டும் என்று அந்த மனிதர்கள் முடிவு செய்தது 1990களில். முதலில் வந்த சொல் அரவாணி. கள்ளக்குறிச்சி மாவட்டம் (அப்போது விழுப்புரம்) கூவாகத்தில் சித்திரை மாதம் கூத்தாண்டவர் திருவிழா நடக்கும். பாரதப் போரில் களப்பலியாகப் போகும் அரவான், சாவதற்கு முன் ஒரு நாளாவது மணவாழ்க்கை வேண்டும் என்கிறான். பெண் கொடுக்க ஆளில்லை. கண்ணனே மோகினியாகி அவனை மணக்கிறான். மறுநாள் தாலி அறுப்பு. கொள்ளிடத்துக்கு வடக்கே சிதம்பரத்தை ஒட்டிய கொத்தட்டையிலும் கூத்தாண்டவர் விழா உண்டு. அரவானுக்கு வாழ்க்கைப்படுகிறவர் என்பதால் அரவாணி. அலியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். 2008 ஏப்ரல் 15ல் தமிழக அரசு அமைத்த வாரியத்துக்கே அரவாணிகள் நல வாரியம் என்றுதான் பெயர். இந்தியாவில் எந்த மாநிலமும் அதற்கு முன் அப்படி ஒன்றை அமைத்ததில்லை.

ஆனாலும் அந்தச் சொல்லில் இடிக்கிற விஷயங்கள் இருந்தன. ஒரே ஒரு கதையில் ஆயுள் முழுக்கக் கட்டிப்போடுகிறது. அதுவும் மறுநாள் தாலியறுக்கும் கதை. முஸ்லிமாகவோ கிறித்தவராகவோ இருப்பவருக்கு அரவானோடு என்ன சம்பந்தம்? பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவருக்கு அந்தக் கதையில் இடமே இல்லை.

அங்கேதான் திருநங்கை வருகிறது. இந்தச் சொல்லின் பின்னால் இரண்டு பெயர்கள் சொல்லப்படுகின்றன. முன்வைத்தவராக நர்த்தகி நடராஜ், ஏற்று அரசு வழக்காக்கியவராக மு.கருணாநிதி. இரண்டு பேருக்கும் தஞ்சை மண்ணோடு ஒட்டு உண்டு. கருணாநிதி பிறந்தது திருக்குவளையில், 1924ல், அன்றைய தஞ்சை மாவட்டம். நர்த்தகி மதுரையில் பிறந்தவர். நாட்டியம் கற்க வேண்டும் என்று வீட்டை விட்டு வந்து சேர்ந்த இடம் தஞ்சாவூர். சரபோஜி மன்னர் காலத்தில் பரதத்துக்கு இன்றைய வடிவம் கொடுத்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வரின் வழிவந்த கே.பி.கிட்டப்பா பிள்ளையிடம் பல ஆண்டுகள் தங்கிப் பயின்றார். நர்த்தகி என்ற பெயரே குரு வைத்தது. வீட்டிலும் பள்ளியிலும் கிடைத்த பெயர்களை வைத்துப் பார்த்தால், ஒரு பெரியவர் தானாக வாய்திறந்து ஒரு பெண்பெயரைச் சூட்டியது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். 2019ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. திருநங்கை ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் முறை.

நங்கை என்ற சொல்லைத் தேர்ந்ததிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது வெறுமனே பெண் என்று பொருள்படும் சொல்லில்லை. பெண்களில் மதிப்புக்குரியவர் என்று பொருள். திருவாரூர்க் கோயிலில் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டில் அணுக்கியார் பரவை நங்கை என்று ஒரு பெண் வருகிறார். நங்கைக்கு ஆண்பால் நம்பி. திருவாரூரையே தன் பெயரில் வைத்திருந்த சுந்தரருக்கு நம்பியாரூரர் என்று பெயர். எனவே திருநங்கை வந்ததும் அதன் ஜோடியான திருநம்பி யாரும் அதிகம் மெனக்கெடாமலே கிடைத்துவிட்டது. அரவாணியில் இடம் கிடைக்காதவருக்கு இங்கே இடம் தயாராக இருந்தது. இருவரையும் சேர்த்துச் சொல்ல, அல்லது இரண்டிலும் சேராதவரைச் சொல்ல, திருநர். நல்ல சொல் என்றால் இப்படித்தான் குட்டி போட வேண்டும்.

இதே தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் முதுகலை படித்தவர் லிவிங் ஸ்மைல் வித்யா. திருநங்கையாக மாறிய தன் வாழ்க்கையைப் பிறர் எழுதக் காத்திருக்காமல் இணையத்தில் தமிழிலேயே எழுதினார். 2007ல் "நான், வித்யா" புத்தகமாக வந்தது. அதற்கு முன் 2004ல் அ.ரேவதி தொகுத்த "உணர்வும் உருவமும்" வந்திருந்தது. அதுவரை இவர்களைப் பற்றிப் பிறர் பேசினார்கள், "அது" என்று. இந்தப் புத்தகங்களில் "நான்" என்று வாக்கியம் தொடங்குகிறது. தன்மை ஒருமைக்குத் தமிழில் பால் கிடையாது என்பது எவ்வளவு வசதி!

2020 இறுதியில் ஒரு கூத்து நடந்தது. திருநங்கை என்பதற்குப் பதிலாக "மூன்றாம் பாலினத்தவர்" என்று எழுத வேண்டும் என்று அரசாணை வந்தது. எதிர்ப்பு கிளம்பியது. மூன்றாவது என்றால் முதலாவது யார், இரண்டாவது யார் என்ற கேள்விக்குக் கோட்டையில் பதில் இல்லை.

இதுவரை சொன்னது முழுக்கப் பாலின அடையாளம், அதாவது ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பது. யார் மீது ஈர்ப்பு என்பது வேறு. ஈர்ப்பைப் பேச வந்தவுடன் பலரும் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். தஞ்சை மாவட்டத்திலேயே ஒரு எளிய உதாரணம் இருக்கிறது. மெலட்டூரில் வைகாசியில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கும். பிரகலாத சரித்திரத்தில் லீலாவதியாக வருவது ஆண். நகை, பின்னல், புடவை எல்லாம் உண்டு. விடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் காபி குடிப்பார். அது வேடம். திருநங்கைக்குக் கலைக்க வேடம் இல்லை. அவர் பெண். ஒரு ஆண் இன்னொரு ஆணை விரும்பினால் அவருக்கு வேடமும் இல்லை, அடையாள மாற்றமும் இல்லை. அவர் ஆண், அவரது ஈர்ப்பு ஆண் மீது, அவ்வளவே. பிறக்கும்போதே உடற்கூறு ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் வராதவர் ஊடுபால். அது உடலைப் பற்றிய சொல். நான்கும் நான்கு விஷயம். அலி என்ற ஒரே சொல் நான்கையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

ஈர்ப்பு விஷயத்தில் தமிழுக்குச் சொல் வந்த வழியே கோணல். 1860ல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு அதை இயற்கைக்கு மாறான குற்றம் என்றது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்ட சொல் ஓரினச்சேர்க்கை. அந்தச் சொல்லில் படுக்கை மட்டும்தான் இருக்கிறது. கல்யாணம் செய்துகொண்ட ஆணையும் பெண்ணையும் யாரும் "ஈரினச்சேர்க்கையாளர்கள்" என்று பத்திரிகையில் போடுவதில்லையே? ஐரோப்பாவில் ஹோமோசெக்ஷுவல் என்ற சொல்லை 1869ல் உருவாக்கியவர் கெர்ட்பெனி என்ற ஹங்கேரிய எழுத்தாளர். பிரஷ்யாவின் தண்டனைச் சட்டத்தை எதிர்த்து ஒரு துண்டுப்பிரசுரம் எழுதியபோது வசையில்லாத ஒரு சொல் அவருக்குத் தேவைப்பட்டது. பிறகு மருத்துவர்கள் அதை நோயின் பெயராக்கினார்கள் என்பது வேறு கதை. தமிழில் அந்த வேலையைச் செய்ய வந்தது தன்பாலீர்ப்பு. அதில் படுக்கை இல்லை, ஈர்ப்பு இருக்கிறது. 377ஆம் பிரிவை டில்லி உயர் நீதிமன்றம் 2009ல் தளர்த்த, உச்ச நீதிமன்றம் 2013ல் அதைத் திரும்பக் கொண்டுவந்து, 2018 செப்டம்பர் 6ல் வயதுவந்தவர்களின் சம்மதமான உறவு குற்றமல்ல என்று முடித்து வைத்தது.

மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் விரும்பி, வீட்டாருக்குப் பயந்து சென்னைக்கு ஓடிவந்து, காவல்துறைத் தொல்லையிலிருந்து பாதுகாப்பு கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். வழக்கு நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. தனக்கு இந்த விஷயம் முழுதாகப் புரியவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொல்லி, மனநல வல்லுநரிடம் உட்கார்ந்து தெரிந்துகொண்ட பிறகே 2021 ஜூன் 7ல் உத்தரவு போட்டார். அந்த வழக்கு தொடர்ந்ததில் இரண்டு காரியங்கள் நடந்தன. 2022ல் காவலர் நடத்தை விதிகளில் இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று ஒரு விதி ஏறியது. அதே ஆண்டு ஆகஸ்டில், பத்திரிகைகளும் அரசுத் துறைகளும் எந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்று தமிழக அரசு ஒரு சொற்களஞ்சியத்தையே அறிவிக்கையாக வெளியிட்டது. இந்த எல்லோரையும் சேர்த்துக் குறிக்கும் பால்புதுமையர் என்ற சொல் அரசு முத்திரை பெற்றது அதில்தான். ஒரு சொல்லை எழுதக் கூடாது என்று உத்தரவு போட்ட அரசுகள் உண்டு. எழுதச் சொல் கொடுத்த அரசு அபூர்வம்.

அதற்கு முன்பே மதுரைக் கிளையில் ஒரு சொல்லின் மேல் வழக்கு நடந்து முடிந்திருந்தது. தூத்துக்குடியில் ஒரு ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவு செய்யப் போனால் அலுவலகம் மறுத்தது. இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்று இருக்கிறது, இவர் எப்படி மணமகள் என்பது அரசுத் தரப்பு. சட்டம் இயற்றிய 1955ல் என்ன பொருள் இருந்ததோ அதிலேயே சொல்லைக் கட்டிப்போட முடியாது, மணமகள் என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22ல் தீர்ப்பளித்தார். ஊடுபால் குழந்தைகளுக்குப் பெற்றோர் அவசரத்துக்காகச் செய்யப்படும் பாலினத் திருத்த அறுவை சிகிச்சைகளைத் தடுக்கச் சொன்னதும் அதே தீர்ப்புதான். ஆணையும் பின்னாலேயே வந்தது.

மணமகள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள் என்று அந்த வாக்கியத்தை எழுதினால், இறுதியில் வருவது "ஆள்" விகுதி. தொல்காப்பியர் கேட்டதும் அதைத்தான்.